இரண்டாவது வில் முறியவில்லை, எல்லாருக்கும் நன்றி

வணக்கம். நானே மரத்தில் செதுக்கிய வில் ஒருவழியாக முடிந்துவிட்டது. நீளம் 68 அங்குலம், 28 அங்குலம் இழுக்க 38 பவுண்டு விசை வேண்டும். நான் ஆசைப்பட்டது 45. மிச்ச 7 பவுண்டு தச்சுப் பட்டறைத் தரையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது.

மரம் கொடுத்த பெரியப்பாவுக்கு முதல் நன்றி. கரும்புத் தோட்டத்து ஓரத்தில் மண்டிக் கிடந்த கோயாவ் தெ சீன்தான், நாம் பழம் பறிக்கப் போவோமே அதே சின்னச் சிவப்புக் கொய்யா. பெயரில் சீனா, பிறப்பில் பிரேசில், மொரீசியஸ் காட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு நிற்கிறது, அதனால் வெட்டும்போது மனசு உறுத்தவில்லை.

அப்புறம் சித்தி. மழை ஊரான கியூர்பிப் ஈரத்தில் எங்கள் வீட்டில் துணியே காயாது, மரம் எங்கே காயும்? இரண்டு முனையிலும் பெயின்ட் அடித்து போர்ட் லூயிஸில் சித்தி வீட்டு அலமாரி மேல் போட்டேன். வாராவாரம் சமையலறைத் தராசில் நிறுத்து, எடை குறைவது நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டிரு என்று என்னை அடக்கி வைத்தது அவர்தான்.

முதல் வில் முறிந்ததற்குக் காரணம் நான்தான், வேறு யாருமில்லை. அழகாக இருக்கட்டும் என்று வில்லின் முதுகை, அதாவது எய்பவனுக்கு எதிர்ப்புறத்தை, அரத்தால் ராவினேன். 22 அங்குலத்தில் படார்! தச்சர் அண்ணன் திட்டாமல், உடைந்த துண்டை எடுத்து நான் அறுத்துவிட்ட நாரைக் காட்டினார். பட்டையை உரித்ததோடு முதுகை விட்டுவிட வேண்டும், சீவுவதெல்லாம் நம்மைப் பார்த்திருக்கும் வயிற்றுப் பக்கம்தான்.

இரண்டாவதைச் சுவரில் மாட்டி, கயிறும் கப்பியும் போட்டு இழுத்தோம். மேல்பாதியில் ஓரிடம் மட்டும் முழங்கை மாதிரி மடிகிறது என்று முதலில் கண்டது அண்ணனின் 12 வயது மகள், நானில்லை. மடிகிற இடத்தைத் தொடாமல் அதற்கு இரண்டு பக்கமும் கண்ணாடித் துண்டால் சுரண்டு, முப்பது தடவை இழுத்துப் பார், மறுபடி சுரண்டு, இப்படியே மூன்று சனிக்கிழமை. அந்த 7 பவுண்டு போனது இதில்தான். கீழ்பாதியை மட்டும் கொஞ்சம் விறைப்பாகவே விட்டோம், கை அந்தப் பக்கம்தானே பிடிக்கிறது.

சரி, வில் ஆயிற்று என்று பார்த்தால் அம்பெல்லாம் இடது பக்கமே போனது. மறுபடி சுரண்டக் கிளம்பியவனைத் தடுத்த நண்பா, உனக்குக் கோடி நன்றி. 45க்கு வாங்கிய அம்பு 38க்கு விறைப்பு ஜாஸ்தி, கனமான முனையாக மாற்று என்றாய். 100 கிரெய்ன் எடையுள்ள முனையைக் கழற்றி 145 போட்டதும் கரும்புச் சோகை மூட்டையின் நடுவிலேயே குத்துகிறது.

முறிந்த முதல் வில்லின் ஒரு பாதி சித்தியின் தக்காளிச் செடிக்கு முட்டாக நிற்கிறது. மறுபாதியையும் கேட்டிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன் சித்தி.