ரிம் வாங்கும் முன் இதைப் படி

அன்பு நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டார். பெரியவள் ஓட்டுநர் உரிமம் வாங்கிவிட்டாள். கியர் மாற்றும் சத்தமே கேட்காத அளவுக்கு நிதானமாக ஓட்டுகிறாள். வாத்தியார் உன்னை விசாரித்தார். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கறுப்பு ரிம், 10 அங்குல அகலம், மேலே 33 அங்குல டயர். கீழே "அடுத்த வாரம் மாட்டுகிறேன், எப்படி?" என்று ஒரே ஒரு வரி. கல்லூரிக் காலத்திலிருந்தே உனக்கு இதே வழக்கம்: முடிவெடுத்துவிட்டுத்தான் கருத்துக் கேட்பாய். ரிம் அழகாக இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அதை உன் பழைய நான்கு சக்கர இயக்க வண்டியில் மாட்டக் கூடாது. முன்பணம் கொடுத்திருந்தாலும் சரி, மிச்சத்தைக் கொடுப்பதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுதாகப் படித்துவிடு.

பெரிய டயர் மேல் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். என் வண்டிக்கு 31 அங்குலம் மாட்டியாகிவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுத நினைத்திருந்தேன், அதற்குள் உன் படம் வந்துவிட்டது. பழைய 235/75 ஆர் 15 (235 மில்லிமீட்டர் அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 75 சதவீதம், ரிம் விட்டம் 15 அங்குலம்) கழற்றி, அதே 7 அங்குல அகல ரிம்மில் 31×10.5 ஆர் 15 (31 அங்குல விட்டம், 10.5 அங்குல அகலம்) போட்டேன். அந்த டயருக்கு 7 முதல் 9 அங்குலம் வரை ரிம் அகலம் பொருந்தும், அதனால் புது ரிம் தேவைப்படவில்லை. கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் பாதையில் வண்டி இப்போது எப்படிப் போகிறது தெரியுமா! முன்பு அடிப்பாகத்தில் தட்டிய மேடுகளை எல்லாம் சத்தமில்லாமல் தாண்டுகிறது. டயர் விட்டத்தில் கூடுகிற அளவில் பாதிதான் தரை இடைவெளியில் கூடும். 235/75 ஆர் 15-இன் விட்டம் 733 மில்லிமீட்டர், 31 அங்குலம் என்பது 787. ஆக எனக்குக் கிடைத்தது 27 மில்லிமீட்டர். டயர்கள் அளந்தால் பெயரில் இருப்பதைவிடக் கொஞ்சம் குறைவாகவே வரும், எனவே அதிலும் சற்றுக் கழித்துக்கொள். அந்தச் சிறிய உயரமே இவ்வளவு வித்தியாசம் காட்டுகிறது என்பதுதான் எனக்கு இதில் பிடித்த செய்தி. அதற்கு மேல் நம் வயதான வண்டிகள் எதையும் கேட்கவில்லை.

மாட்டிய முதல் நாள் செய்த ஒரு வேலையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், நீயும் செய்ய வேண்டும். டயரின் வெளித் தோளிலும் உள் தோளிலும் சாக்பீஸை அழுத்தித் தேய்த்து வெள்ளையாக்கினோம். பிறகு ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, நடக்கும் வேகத்தில் முன்னும் பின்னும் எடுத்தோம். அப்புறம் மறுபக்கம். அப்புறம் முன் சக்கரம் ஒன்றை மட்டும் மண் மேட்டில் ஏற்றி, சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கிய நிலையில் அதையே திரும்பச் செய்தோம். இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தால், மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தடுப்பின் பின் மூலையில் உள்ளங்கை அளவு வெள்ளைக் கோடுகள், வேறெங்கும் இல்லை. தரை சமமாக இருந்தபோது அந்த உரசல் வரவே இல்லை, மேட்டில் ஏற்றிய பிறகுதான் வந்தது. கடையில் வண்டியை நேராக நிறுத்தி, "உரசவில்லை சார்" என்று சொல்வார்கள். நம்பாதே. நாங்கள் அந்த மூலையைச் சூடு காட்டி மடக்கினோம், பிரச்சினை தீர்ந்தது. 33-க்கு அந்த மூலையோடு நிற்காது; பம்பர் முனை, மட்கார்டின் தகரம், படிக்கட்டின் முன் முனை எல்லாம் வெட்ட வேண்டி வரும். அல்லது வண்டியைத் தூக்க வேண்டி வரும்.

தூக்குவது பற்றி நம் நண்பன் நெட்டை உனக்கு என்ன சொல்லியிருப்பான் என்று எனக்குத் தெரியும். "முன்னால் டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கு, இரண்டு அங்குலம் ஏறிவிடும்." ஸ்பிரிங் போல வேலை செய்யும் அந்தக் கம்பியை முறுக்கினால் ஏறும், உண்மைதான். ஆனால் சஸ்பென்ஷன் ஆடும் மொத்த தூரம் அதனால் கூடாது. மேலே போன அளவு, கீழே இறங்குவதற்கு இருந்த தூரத்தில் குறைந்துபோகும். பள்ளத்தில் சக்கரம் இறங்க இடமில்லாமல் 'டக்' என்று முட்டும். முன் ஆக்சில் ஜாயின்ட்கள் எந்நேரமும் சாய்ந்த கோணத்தில் சுற்றும், ரப்பர் உறை கிழியும், சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தேயும். உன் வண்டி 1996 மாடல். அந்த ரப்பர்களை எப்போது கடைசியாக மாற்றினாய்?

அந்த ரிம்தான் என்னை இன்னும் அதிகமாகக் கவலைப்பட வைக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: ஆஃப்செட் மைனஸ் 44. ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டுக்கும், ஹப்பில் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) ஒட்டும் முகத்துக்கும் இடையே உள்ள தூரம், மில்லிமீட்டரில்; மைனஸ் என்றால் ரிம் வெளியே தள்ளி நிற்கும். உன் பழைய ரிம் 7 அங்குலம், ஆஃப்செட் பிளஸ் 15. கணக்குப் போட்டுப் பார். ஹப்பில் ஒட்டும் முகத்திலிருந்து உன் பழைய ரிம்மின் வெளி விளிம்பு சுமார் 74 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. புதியது 171. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வெளியே துருத்தும். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருப்பதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை. அதைவிடப் பெரிய விஷயம், சக்கரத்தின் நடுக்கோடு 59 மில்லிமீட்டர் வெளியே போகிறது. வீல் பேரிங் அந்த எடையை அதன் இருக்கைக்குள் தாங்க வடிவமைக்கப்பட்டது. நீ அதை வெளியே இழுத்துத் தொங்கவிடப் போகிறாய். ஸ்டீயரிங் திரும்பும் அச்சிலிருந்தும் டயர் அதே அளவு விலகும். ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் ஸ்டீயரிங் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு சுழலும். திருப்பும்போது டயர் வரையும் வட்டமும் பெரிதாகும், அதனால் உரசல் கூடும். உள்பக்கம் தாராளமாக இடம் தெரிவதைக் காட்டி நல்ல ரிம் என்று விற்பார்கள். உரசுவது வெளிப்பக்கத்தில்.

அந்த விற்பனையாளர் "ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர், எல்லாவற்றுக்கும் பொருந்தும்" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். 139.7 என்பது போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்; அது பொருந்தும். நடுத் துளை? டொயோட்டாவின் ஆறு போல்ட் வண்டிகள் பலவற்றில் அது 106 மில்லிமீட்டர், மிட்சுபிஷியில் 67. பெரிய துளை ரிம்மைச் சிறிய ஹப்பில் மாட்டினால் உட்காரும், ஆனால் மையத்தைப் பிடிக்க ஹப் உதவாது. நட்டுகள் மட்டுமே பிடிக்க வேண்டும். மையம் சற்று விலகி உட்கார்ந்தால், வேகம் ஏறும்போது ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. இடைவெளியை நிரப்பும் வளையம் கிடைக்கும், அதைக் கேட்டு வாங்க வேண்டும். நட்டின் இருக்கையையும் பார். கூம்பு நட்டுக்கான துளையில் தட்டை நட்டைப் போட்டு முறுக்கினால் கழன்று ஓடும்.

இனி எஞ்சின். 33 அங்குலம் என்றால் விட்டம் 838 மில்லிமீட்டர்; உன் பழைய டயரும் 733-தான், அதாவது 14 சதவீதத்துக்கு மேல் கூடுதல். ஸ்பீடோமீட்டர் 70 காட்டும்போது நீ 80-இல் போய்க்கொண்டிருப்பாய். 10,000 கிலோமீட்டர் ஓடினால் மீட்டரில் 8,750-தான் ஏறியிருக்கும், ஆயில் மாற்றும் கணக்கும் தவறும். உன் டிஃபரன்ஷியல் (ஆக்சிலில் இருக்கும் கடைசிப் பல்சக்கரத் தொகுதி) விகிதம் 4.1; அது 3.6 போல நடந்துகொள்ளும். அந்த டீசல் எஞ்சின் இப்போதே ஏற்றத்தில் மூச்சு வாங்குகிறது. பழைய இழுவை திரும்ப வேண்டுமென்றால் 4.7-க்கு அருகில் பல்சக்கரம் மாற்ற வேண்டும், அதுவும் முன்னும் பின்னும் இரண்டிலும் ஒரே விகிதமாக. டயர் வாங்கும் எவரும் இந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

இதெல்லாம் பணம், அலைச்சல். பிரேக் அப்படி இல்லை. தயவுசெய்து இந்தப் பகுதியை மெதுவாகப் படி. டிஸ்க் அதே அளவு, பேட் அதே அளவு, ஆனால் தரையைத் தொடும் இடம் மையத்திலிருந்து இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. பிரேக் மிதியை நீ அதே அளவு அழுத்தினால், வண்டியை நிறுத்தும் விசை எட்டில் ஒரு பங்கு குறையும். அதோடு அந்த டயர் ஒவ்வொன்றும் உன் பழைய டயரைவிட ஏறத்தாழ இரு மடங்கு கனம், அந்தக் கனம் முழுவதும் சுழலும் கனம். அதை நிறுத்தவும் அதே பிரேக்தான் உழைக்க வேண்டும். சமதரையில் வீட்டைச் சுற்றி ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆட்களும் சாமான்களும் நிறைந்து, நீண்ட இறக்கத்தில், டிஸ்க் சூடேறிய பிறகு தெரியும். உன் சின்னவளும் அப்பாவும் பின்சீட்டில் வருகிற வண்டி அது. நண்பா, எனக்கு 31-இலேயே மிதியில் வித்தியாசம் தெரிந்தது. பேட்டையும் பிரேக் குழாய்களையும் புதிதாக மாற்றி, பழைய பிரேக் ஆயிலை வடித்துப் புதியது ஊற்றிய பிறகுதான் குடும்பத்தை ஏற்றினேன்.

ஆகவே என் யோசனை இது. ஆசை அப்படியே இருக்கட்டும், வரிசையை மாற்று. முதலில் முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் பால் ஜாயின்டோ பேரிங்கோ போயிருக்கிறது. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனைகளின் நிலைமை தெரியும். இவற்றைச் சரிசெய், பிறகு பிரேக். இதற்கே ரிம்முக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கு போகும், போகட்டும். அதன் பிறகு உன் பழைய ரிம்மிலேயே 31 அங்குலம். ஐந்து டயர் வாங்கு, நான்கு வாங்காதே. அளவு மாறிய ஸ்டெப்னி நான்கு சக்கர இயக்கத்தில் கியர் பெட்டியைக் கொன்றுவிடும். 33 அங்குல ஸ்டெப்னியின் கனத்தை உன் பின் கதவின் கீல் தாங்கவும் தாங்காது, அது இப்போதே தொங்குகிறது.

டயர் எடுக்கும்போது அளவோடு சேர்த்துப் பக்கவாட்டில் இருக்கும் சுமைக் குறியீட்டையும் பார். உன் பழைய டயரில் 105 என்று இருக்கும், ஒரு டயருக்கு 925 கிலோ என்று பொருள். அதற்குக் குறைந்தது வேண்டாம். தேதியையும் பார்: நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். கடையில் நெடுநாள் கிடந்த டயரைத் தள்ளுபடி என்று நீட்டுவார்கள்; உனக்குத் தள்ளுபடி என்றால் காது கூர்மையாகிவிடும் என்பதால் சொல்கிறேன். காற்றழுத்தத்துக்கும் சாக்பீஸ்தான். டயரின் அகலத்துக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டு. கோடு நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, 100 கிலோமீட்டருக்குள் திரும்ப ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிடு. வீல் அலைன்மென்ட் சொல்லவே வேண்டாம்.

புது ரிம்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதற்கும் வழி உண்டு. 16 அங்குல ரிம்மில் 235/70 ஆர் 16 போடு. விட்டம் 735 மில்லிமீட்டர், பழையதோடு 2 மில்லிமீட்டர்தான் வித்தியாசம். ஸ்பீடோமீட்டர், கியர், பிரேக் எதுவும் குழம்பாது, ரிம்மும் பெரிதாகத் தெரியும். ஆஃப்செட் மட்டும் பழையதை ஒட்டி இருக்க வேண்டும். சேற்றிலும் கல்லிலும் உதவாது, பார்க்க நன்றாக இருக்கும். உனக்கு எது முக்கியம் என்று நீதான் சொல்ல வேண்டும்.

ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் விவர ஸ்டிக்கரையும், இப்போதைய ரிம்மின் உள்பக்கம் பொறித்திருக்கும் எண்களையும் படம் எடுத்து அனுப்பு. முன் சக்கரத்தை ஆட்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது என்றும் எழுது. ரிம் விற்பவரிடம் இன்றே பேசி நிறுத்திவிடு. முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் அதற்கு ஈடாக டயரைக் கேள். நெட்டையிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்