'பென்சிவ்' என்றால் சோகம் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழின் மாணவர் பக்கத்தில் 'பென்சிவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'சோகமான' என்று பொருள் போட்டிருந்தீர்கள். 'பென்' என்றால் பேனா, எழுதுகிறவர்கள் யோசிப்பவர்கள், அதிலிருந்து பிறந்த சொல் என்று விளக்கம் வேறு. வாசித்து இரண்டு நாளாகியும் மனம் ஆறவில்லை.

பேனாவுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. 'பென்' வந்தது லத்தீனில் இறகைக் குறிக்கும் 'பென்னா'விலிருந்து. இறகைச் சீவி மையில் தொட்டு எழுதிய காலத்துப் பெயர். 'பென்சிவ்' 14ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. அதன் வேர் லத்தீனின் 'பென்சாரே'. நிறுத்துப் பார்ப்பது என்று அர்த்தம். ஒரு விஷயத்தை மனதுக்குள் தராசில் போட்டு ஆழ்ந்திருக்கும் நிலைதான் பென்சிவ். அதில் கவலையின் சாயலும் சேரும், மறுக்கவில்லை. ஆனாலும் முதலில் நிற்பது யோசனை. நாமும் 'சீர்தூக்கிப் பார்' என்றுதானே சொல்கிறோம்? நான் மாதாமாதம் வாங்கும் பென்சனும் அதே தராசுக் குடும்பம்தான். நுவரெலியாவில் பூக்கும் பான்சிப் பூவுக்கும், பிரெஞ்சில் 'எண்ணம்' என்ற பொருளுள்ள சொல்தான் பெயராயிற்று.

நான் இந்தச் சொல்லைப் புரிந்துகொண்டது, தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில். சிறுவயதில் அம்மாவோடு அங்கே நின்றிருக்கிறேன். கூடையைத் தராசில் மாட்டியதும் அம்மாவின் பேச்சு நின்றுவிடும், கண் முள்ளை விட்டு நகராது. தண்ணீருக்கென்று இரண்டு றாத்தல், கூடைக்கென்று இரண்டு றாத்தல் கழித்துத்தான் கணக்கப்பிள்ளை எழுதுவார். அம்மாவின் உதடு மட்டும் அசையும். இன்றைக்கு முழுநாள் சம்பளத்துக்கான முழுப்பேர் விழுமா, பாதிச் சம்பளத்துக்கான அரைப்பேர்தானா, கடைக்காரருக்கு எவ்வளவு கொடுக்கலாம், எனக்குக் கொப்பி வாங்க மிஞ்சுமா? அந்த முகத்தைச் சோக முகம் என்று யாராவது சொல்லியிருந்தால் அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கும்.

உங்கள் பத்திரிகையோ கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் போடும்போதெல்லாம் 'சோகமே உருவாக' என்று அடியில் எழுதுகிறது. சம்பளப் பேச்சுவார்த்தை என்றாலும் அதே வரி, தீபாவளி முற்பணம் தாமதமானாலும் அதே வரி. அவள் எதையோ யோசித்துக்கொண்டு நிற்கிறாள் என்று ஒரு தடவையாவது எழுதியதுண்டா? மூன்று வருடத்துக்கு முன்பே இதைப் பற்றி நான்கு பக்கக் கடிதம் அனுப்பினேன். பத்திரிகையை வாழ்த்திய முதல் இரண்டு வரி மட்டும் அச்சில் வந்தது. உங்களுக்கு இடம் போதவில்லை என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இம்முறை அப்படி விட முடியவில்லை. மாலையில் என்னிடம் படிக்க வரும் தோட்டத்துப் பிள்ளைகள் உங்கள் மாணவர் பக்கத்தை வெட்டிக் கொப்பியில் ஒட்டி வைக்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் ஒரு மாணவிக்கு நான் சரியான பொருளைச் சொன்னபோது, "பேப்பர்ல அப்பிடித்தானே சேர் போட்டிருக்கு?" என்று கேட்டாள். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு அந்தக் கேள்வி எவ்வளவு வலித்திருக்கும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

தயவுசெய்து வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே அளவு கட்டத்தில் ஒரு திருத்தம் போடுங்கள். பிள்ளைகள் பழையதன் மேலேயே ஒட்டிக்கொள்வார்கள்.

ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
பொகவந்தலாவை.