பெட்டியில் 1200, போர்ட்டில் 100

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பண்டிகைத் தள்ளுபடி தொடங்கிவிட்டால் போதும், வைஃபை ரவுட்டர் விளம்பரம் இல்லாத நாளே இல்லை. ஏசி1200, ஏஎக்ஸ்3000 என்று ஒன்றைவிட ஒன்று பெரிய எண்கள். வீட்டில் நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறதே என்று நொந்தவர்கள் ஆயிரக்கணக்கில் செலவழித்து அதை வாங்கி மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகும் அதே சுற்றல் தொடர்ந்தால் கடைக்காரரைத் திட்டிப் பயனில்லை. கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறது. எங்கே என்பதை அரை மணி நேரத்தில் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். புதுப் பெட்டி வாங்குவதற்கு முன் அதைச் செய்ய வேண்டும்.

முதலில் அந்த எண். ஏசி1200 என்பது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 300, 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 867 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்), இரண்டையும் கூட்டி மேலே தூக்கிவிட்ட கணக்கு. ஏஎக்ஸ்3000 என்பது 574 கூட்டல் 2402. வைஃபை 6 (பெட்டியில் ஏஎக்ஸ்) வரைக்கும் ஒரு போன் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில்தான் இணையும். ஆகவே கூட்டுத்தொகை எந்த ஒரு போனுக்கும் கிடைக்காது. அந்த 2402-உம் 160 மெகாஹெர்ட்ஸ் அகலமான சேனலில் (அலைவரிசையின் ஒரு துண்டில்) மட்டும்தான். புழக்கத்தில் உள்ள பல வைஃபை 6 போன்கள் 80 மெகாஹெர்ட்ஸ், இரண்டு ஆன்டெனா வகை. அவற்றின் உச்சம் 1201. அதுவும் போனும் ரவுட்டரும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வேகம். வைஃபையில் அனுப்புவதும் வாங்குவதும் ஒரே சேனலில் மாறி மாறி நடப்பதால், அதே அறையில் நின்றாலும் 600 முதல் 800 கிடைத்தால் நல்லது.

இதைவிடப் பெரிய வேடிக்கை பெட்டியின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஏசி1200 என்று கொட்டை எழுத்தில் போட்ட மலிவு ரவுட்டர்கள் பலவற்றில், வெளியிலிருந்து இணையக் கம்பி வந்து செருகும் ‘வான்’ (WAN) போர்ட் வெறும் 100 எம்பிபிஎஸ். முன்பக்கம் 1200, உள்ளே நுழையும் வாசல் 100. 200 அல்லது 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டுபவர் இந்த ரவுட்டரை வாங்கினால், கட்டும் காசில் பாதிக்கு மேல் அந்த வாசலிலேயே நின்றுவிடும். பெட்டியில் ‘10/100’ என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ‘10/100/1000’ அல்லது ‘கிகாபிட்’ (அதாவது 1000 எம்பிபிஎஸ்) என்று இருக்க வேண்டும். 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு, கிகாபிட் போர்ட் உள்ள சாதாரண ஏசி1200 ரவுட்டரே தாராளம்.

வைஃபை 7-க்கு ஆசைப்படுவோர் ஒன்றைக் கவனிக்கலாம். அதன் பேர்போன 320 மெகாஹெர்ட்ஸ் சேனல் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே உண்டு. நம் நாட்டில் அந்த அலைவரிசையின் கீழ்ப்பகுதியை, அதாவது 5925 முதல் 6425 மெகாஹெர்ட்ஸ் வரை, உரிமமின்றித் திறந்துவிடும் வரைவு விதிகளே 2025 மே மாதத்தில்தான் வெளியாயின. அந்த 500 மெகாஹெர்ட்ஸுக்குள் 320 அகலச் சேனல் ஒன்றுதான் அடங்கும். கையில் உள்ள போனில் 6 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ இல்லையென்றால் அதுவும் பயனில்லை.

இனி சோதனை. கிகாபிட் லேன் போர்ட் (நெட் கேபிள் செருகும் துளை) உள்ள லேப்டாப் ஒன்றும் நல்ல கேட்-5இ அல்லது கேட்-6 கேபிள் ஒன்றும் வேண்டும். ஃபைபர் வந்து சேரும் பெட்டியே யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு இணைப்பைத் தொடங்குவதாக இருந்தால் நேராக அதில் செருகுங்கள். அவற்றை ரவுட்டரில் போட்டிருந்தால் ரவுட்டரின் லேன் போர்ட்டில் செருகுங்கள். லேப்டாப்பின் வைஃபையை அணைத்து, மற்ற போன்களையும் டிவியையும் துண்டித்துவிட்டு வேகம் பாருங்கள். காலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதரை மணிக்கு ஒரு முறை. அளவையும் குழப்பிக்கொள்ளக் கூடாது: 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட். கோப்பு இறங்கும்போது 12 என்று காட்டினால் இணைப்பு சரியாகவே இருக்கிறது.

உங்கள் திட்டம் 200-க்கு மேல், ஆனால் எப்போது பார்த்தாலும் 93, 94, 95 என்றே நிற்கிறதா? அந்த எண்ணே நோயைச் சொல்லிவிடும். 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் (கேபிள்) இணைப்பில், ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் போகும் முகவரி முதலான தலைப்புச் சுமை போக மிஞ்சுவது அவ்வளவுதான். லேப்டாப்பில் ஈதர்நெட் பகுதியில் ‘லிங்க் ஸ்பீடு’ 100/100 என்று காட்டும். காரணம் மூன்றில் ஒன்று: ரவுட்டர் போர்ட், ஃபைபர் பெட்டியின் போர்ட், அல்லது நடுவில் உள்ள கேபிள். சில ஃபைபர் பெட்டிகளில் ஒரு போர்ட் மட்டும் கிகாபிட், மற்றது 100; இடம் மாற்றிச் செருகினாலே சரியாகிவிடும்.

கேபிளில்தான் ஏமாற்றம் அதிகம். 100 எம்பிபிஎஸ் ஓட 1, 2, 3, 6 என்ற நான்கு கம்பிகள் போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். கிரிம்பிங் செய்யும்போது (கேபிள் முனையில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும்போது) 4, 5, 7, 8-இல் ஒன்று சரியாகக் கடிபடாவிட்டால் நெட் நிற்காது, சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். யாரும் புகார் செய்ய மாட்டார்கள், ‘நெட் வருதே’ என்று விட்டுவிடுவார்கள். புதிதாக அடிப்பதானால் இரண்டு முனையிலும் ஒரே வரிசை: ஆரஞ்சு-வெள்ளை, ஆரஞ்சு, பச்சை-வெள்ளை, நீலம், நீலம்-வெள்ளை, பச்சை, பழுப்பு-வெள்ளை, பழுப்பு. இன்னொன்று, மலிவாகக் கிடைக்கும் கேபிள் பலவற்றில் இருப்பது செம்புப் பூச்சு பூசிய அலுமினியம். கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். மாடிக்கும் கீழுக்கும் ஓட்ட அதை வாங்காதீர்கள்.

காலையில் முழு வேகம், இரவில் கேபிளிலும் வேகம் விழுகிறது என்றால் ரவுட்டர் மாற்றிப் பயனில்லை. வீடுகளுக்கு வரும் ஜிபான் (GPON) வகை ஃபைபரில், இணைப்பு தருபவரின் கருவியில் உள்ள ஒரு போர்ட்டின் கீழிறங்கு வேகம் 2.488 ஜிபிபிஎஸ், அதாவது 2488 எம்பிபிஎஸ். அதை ஸ்பிளிட்டர் என்ற ஒளி பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நொடியில் இழுத்தால் 32 வீட்டில் தலைக்கு ஏறத்தாழ 78, 64 வீட்டில் 39 எம்பிபிஎஸ். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது. என் பார்வையில், இரவு நேர நெரிசலுக்குத் தெருவில் உள்ள ஸ்பிளிட்டரைவிட, இணைப்பு தருபவர் மேலே உள்ள நிறுவனத்திடம் வாங்கி வைத்திருக்கும் மொத்த இணையக் கொள்ளளவு (பேண்ட்வித்) போதாமையே முக்கியக் காரணம். அவருடைய சொந்த சர்வரில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்தால் முழு வேகம் காட்டும், வெளியூர் சர்வரைத் தேர்ந்தெடுத்தால் சாயம் வெளுக்கும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2006-இல் வகுத்த தர விதிமுறையே, சந்தா வேகத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல் கிடைக்க வேண்டும் என்பதை நிறுவனத்தின் கணுவிலிருந்து (அதன் இணைப்பு மையத்திலிருந்து) வீடு வரைதான் அளக்கச் சொன்னது. அதற்கு அப்பால் என்ன நடக்கிறது என்பது அந்த வேக அளவுகோலில் வரவேயில்லை. 2024-இல் அந்த விதிமுறைக்குப் பதில் புதியது வந்தது.

காலை, இரவு இரண்டிலும் விட்டுவிட்டு வருகிறதென்றால் ஒளியின் அளவைப் பாருங்கள். ஃபைபர் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ‘ஆர்எக்ஸ் பவர்’ (பெட்டிக்கு வந்து சேரும் ஒளியின் அளவு) என்று இருக்கும்; எண் மைனஸில் கூடக் கூட ஒளி குறைவு. மைனஸ் 15 முதல் மைனஸ் 24 டிபிஎம் வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 27-ஐத் தொட்டால் பெட்டியின் தாங்குசக்தி விளிம்பில் இருக்கிறது. மழையிலும் வெயிலிலும் தடுமாறும். காரணம் பெரும்பாலும் சின்னது: சோபா காலடியில் மடிந்த கம்பி, கதவு இடுக்கில் நசுங்கியது, அணில் கடித்தது, கனெக்டர் முனையில் தூசு. பச்சைக் கனெக்டரை நீல அடாப்டரில் திணிப்பதும் நடக்கிறது. பச்சையின் முனை 8 பாகை சாய்த்துத் தேய்க்கப்பட்டது, நீலம் அப்படியல்ல. இரண்டும் முகம் பொருந்தாது, ஒளி வீணாகும். கழற்றிய முனையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்க்காதீர்கள், அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கெடுக்கும்.

கேபிளில் எல்லாம் சரி, வைஃபையில் மட்டும் மோசம் என்றால்தான் ரவுட்டர் பேச்சே வர வேண்டும். அப்போதும் முதலில் இடத்தை மாற்றுங்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேல், லாஃப்டில் ரவுட்டரை ஒளித்துவைப்பது நம் ஊர் வழக்கம். 5 கிகாஹெர்ட்ஸ் கான்கிரீட் சுவர் ஒன்றைத் தாண்டினாலே பாதி சோர்ந்துவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக்கி 1, 6, 11-இல் ஒன்றை வையுங்கள். இரண்டாவது ரவுட்டர் வாங்கினால் கம்பி இழுத்து இணைப்பதே மேல். கம்பியில்லாமல் எதிரொலிக்கும் ரிப்பீட்டர், வாங்கியதை அதே ரேடியோவில் மறுபடி அனுப்பினால் வேகத்தில் பாதியைத் தின்னும்.

வேகம் இருந்தும் வீடியோ கால் திக்குவது தனி வியாதி. ஒருவர் கூகுள் டிரைவில் வீடியோ ஏற்றும்போது இன்னொருவரின் ஜூம் வகுப்பு உறைகிறதா? ‘பிங்’ (ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) போட்டுப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 8 மில்லிசெகண்ட் காட்டியது, ஏற்றும்போது 200, 300-க்குத் தாவும். தரவுப் பொட்டலங்கள் (பாக்கெட்டுகள்) ரவுட்டரில் நீண்ட வரிசையில் காத்திருப்பதே காரணம். 1 ஜிபிபிஎஸ் திட்டம் வாங்கினாலும் இது தானாகப் போய்விடாது. எஸ்க்யூஎம் (SQM) என்ற, வரிசையை ஒழுங்குபடுத்தும் வசதி உள்ள ரவுட்டரில் ‘கேக்’ அல்லது ‘எஃப்க்யூ-கோடல்’ முறையைத் தேர்ந்தெடுத்து, கேபிளில் அளந்த வேகத்தில் 85 முதல் 90 விழுக்காட்டை வரம்பாக வையுங்கள். 100 வந்தால் 88 போதும். பன்னிரண்டு எம்பிபிஎஸ் இழந்தால் பிங் திரும்ப 15, 20-க்குள் அடங்கும். இதற்கு ரவுட்டரின் ப்ராசஸர் நேரடியாக உழைக்க வேண்டும். மலிவு ரவுட்டர் 300-க்கு மேல் மூச்சுவாங்கும். ரவுட்டரில் கூடுதல் பணம் போடுவதானால் ஆன்டெனாவை எண்ணாமல் இதற்காகப் போடலாம்.

2013-இல் 512 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்ட் என்றார்கள். 2023-இல் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கினார்கள். சட்டம் 2-இல் நிற்க, பெட்டி 3000 என்கிறது. வான் போர்ட்டின் வேகத்தைப் பெட்டியின் முன்பக்கம் அதே அளவு எழுத்தில் அச்சிட விற்பனையாளர்களைக் கட்டாயப்படுத்த வேண்டும். இணைப்பு தருவோர், ஒரு போர்ட்டை எத்தனை வீட்டுக்குப் பிரித்திருக்கிறார்கள் என்பதையும் இரவு 8 முதல் 11 வரையிலான வேகத்தையும் பில்லிலேயே போட வேண்டும்.

அதுவரை, புகார் செய்பவர்கள் ‘நெட் ஸ்லோ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். கேபிளில் அளந்த வேகம், அளந்த நேரம், லிங்க் ஸ்பீடு, ஆர்எக்ஸ் பவர் நான்கையும் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தீராவிட்டால் அதே எண்ணை வைத்து 30 நாட்களுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம்; அதற்குக் கட்டணம் இல்லை.

இப்படிக்கு,
நெட்வொர்க் பணியாளர் ஒருவர்,
திருச்சி.