விஜயாவுக்கு

நீடாமங்கலம்,
தை 12

அன்புள்ள விஜயா,

உன் கடிதம் வந்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. ஆனால் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, "ரெண்டு இட்லி சாப்பிட்டாலே வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது, ஓமத்தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறேன்" என்று, அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை. எங்கள் அக்காவும் இதையேதான் சொன்னாள்.

ஆடியில் குறுவை நடவு சமயம் ஆரம்பித்தது. பாவாடை நாடாவை வழக்கமான இடத்தில் முடிச்சுப் போட முடியவில்லை அவளுக்கு. முகமும் கையும் வற்றிக்கொண்டே வர, வயிறு மட்டும் ஏறியது. ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்தாள். சர்க்கரை பார்த்தோம், இல்லை. உள்ளூரில் இரண்டு மாதமும் வாயு மாத்திரைதான். புரட்டாசியில் படுத்தால் மூச்சு வாங்கியது. தஞ்சாவூரில் படம் எடுத்தால் வலப்பக்க நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது. டி.பி.யாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஊசியால் எடுத்த நீரில் புற்றுநோய்ச் செல்கள் இருந்தன. மூச்சுக்காகப் போனவளுக்கு நோய் சினைப்பையில்!

அப்புறம் வயிற்று ஸ்கேன், சி.டி., ரத்தத்தில் சி.ஏ.125 என்கிற புரதத்தின் அளவு, எல்லாம் பார்த்தார்கள். அது 35க்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வர முடியாதாம். வயிற்று டி.பி., கர்ப்பப்பைக் கட்டி, ஏன், மாதவிலக்கு நாளில்கூட ஏறும். நோயின் ஆரம்பத்திலோ பாதிப் பேருக்கு ஏறாமலே இருக்கும். அதனால் குடலுக்கு முன்னால் தொங்கும் கொழுப்புத் திரையில் ஊசி விட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். நோய் சினைப்பையோடு நிற்கிற மாதிரி தெரிந்தால் கட்டியைக் குத்த மாட்டார்களாம், உள்ளே சிந்திவிடும் என்று முழுசாக எடுத்துத்தான் சோதிப்பார்களாம்.

எனக்கு ஆறவே ஆறாதது ஒன்று உண்டு. போன வருஷம் அக்கா கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்துகொண்டு, ஒன்றுமில்லை என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிட்டாள். அந்தச் சோதனையில் சினைப்பை நோய் தெரியாது. யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மூன்று கீமோ முடிந்து ஆபரேஷன் ஆகி, இப்போது மறுபடி கீமோ. நேற்று புது அரிசிப் பொங்கலை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். சமையற்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

உனக்கும் அதுதான் என்று சொல்லவில்லை விஜயா. பெரும்பாலும் வெறும் வாயுவாகத்தான் இருக்கும். ஆனால் உப்புசம், சீக்கிரமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர், இதில் எதுவும் புதிதாக வந்து மாதத்தில் பாதி நாள் படுத்தினால் ஓமத்தண்ணீர் போதாது. பெண்கள் மருத்துவரிடம் போய் ஸ்கேன் எடு. உங்கள் சித்திக்கு மார்பகப் புற்றுநோய் வந்ததே, அதையும் மறக்காமல் சொல். பி.ஆர்.சி.ஏ. மரபணுவில் கோளாறு இருந்தால் இரண்டு நோயும் ஒரே குடும்பத்தில் வரலாம்.

இந்த வாரமே போய்வந்து எனக்குப் போன் பண்ணு. துணைக்கு ஆள் இல்லையென்றால் சொல்லு, ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன்.

உன்
மங்கை