மாடித்தோட்டக் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், வேலைகளை ஒதுக்கிவைத்து இன்று வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் வணக்கம். வராதவர்களுக்கு இவ்வறிக்கை வாட்ஸ்அப் குழுவில் அனுப்பப்படும். நீலக் குறி விழுந்துவிட்டால் படித்துவிட்டார்கள் என்று பொருள்கொள்ளக் கூடாது என்பதைச் சென்ற ஆண்டு அறிக்கையின்போதே தெரிந்துகொண்டேன்.

ஆடிப்பட்டத்துக்கு முன்பாக வெண்டை, கத்தரி, அவரை, புடலை விதைகள் வழங்கப்பட்டன. புதுச்சேரி குரும்பாப்பேட்டிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கு ஒருநாள் சென்றுவந்தோம். பிப்ரவரியில் நடைபெற்ற மலர், காய், கனிக் கண்காட்சியைக் கூட்டாகச் சென்று பார்த்தோம். செயற்குழு ஆறு முறை கூடியது. அவற்றுள் இரண்டு முறை போதிய உறுப்பினர்கள் இல்லாமல் கலைந்தது.

இவ்வாண்டின் முதன்மைப் பணியான கற்றாழைத் திட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. என்னைக் ‘கற்றாழைச் செயலாளர்’ என்று அழைப்பவர்களும், குழுவின் பணத்தைக் கற்றாழையில் கொட்டியதாகப் பேசுபவர்களும் இந்த அவையிலேயே இருப்பதால், நடந்ததைப் பதிவேட்டில் ஏற்றுவது என் கடமையாகிறது.

சமுதாயக் கூடத்தின் பின்சுவரை ஒட்டி 2021இல் நட்ட சோற்றுக்கற்றாழைக் குட்டிகள் இவ்வாண்டு நன்கு பருத்த மடல்களுடன் அறுவடைக்குத் தயாராயின. மாதத்தின் முதல் ஞாயிறு காலை மடலை அறுத்து, அதன் சோற்றைப் பதியன் குச்சிகளுக்கும் தொட்டிச் செடிகளுக்கும் பயன்படுத்தக் கற்றுத்தருவது என்று ஏப்ரல் மாதச் செயற்குழுவில் முடிவாயிற்று. அம்முடிவை முன்மொழிந்தவன் நான் என்றாலும், கைதூக்கியவர்கள் அனைவரும்தான்.

முறை எளியது. செடியின் அடியில் வெளிப்புறமாக இருக்கும் முற்றிய மடலைத் தண்டோடு ஒட்டி அறுத்து, வெட்டுவாய் கீழே இருக்கும்படி கால்மணி நேரம் சாய்த்து வைத்தால், தோலுக்கு அடியிலுள்ள மஞ்சள் நிறப் பால் வடிந்துவிடும். கசப்பும் எரிச்சலும் தருவது அந்தப் பால்தான். பிறகு மடலைக் கழுவி, முள்விளிம்பைச் சீவி, தோலை உரித்துச் சோற்றை வழித்தெடுக்க வேண்டும். பென்சில் பருமனுள்ள குச்சியைக் கணுவுக்குக் கீழே சாய்வாக வெட்டி, கீழ் இலைகளைக் கிள்ளி, அரைமணி நேரம் அந்தச் சோற்றில் நிறுத்திவைத்துவிட்டு, மணலும் தென்னைநார்க் கழிவும் கலந்த தொட்டியில் ஊன்றி நிழலில் வைப்போம். வழவழப்பான அந்தப் பூச்சு வெட்டுவாய் காய்ந்துபோகாமல் காக்கிறது. வேர்விடத் தூண்டும் பொருள்கள் சிறிதளவு இருப்பதாகவும் சொல்லப்படுகிறது. கடையில் விற்கும் ஹார்மோன் பொடிக்கு அது ஈடாகும் என்று நான் எப்போதும் கூறியதில்லை.

உரம் என்று நினைத்தவர்களுக்கு ஒரு விளக்கம். கற்றாழைச் சோற்றில் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் தண்ணீர்தான். தழைச்சத்தும் மணிச்சத்தும் வேண்டுவோர் மண்புழு உரத்தைத்தான் நாட வேண்டும். சாறு ஊற்றிய நான்காம் நாள் தம் வீட்டு மல்லி மொட்டுவிட்டதாக ஓர் உறுப்பினர் மகிழ்ந்து தெரிவித்தார். அந்தச் செடியை மூன்று வாரத்துக்கு முன் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தவன் நான் என்பதால், பெருமையைக் கற்றாழைக்குக் கொடுக்க எனக்கே மனம் வரவில்லை. பத்துப் பங்கு தண்ணீர் சேர்க்காமல் கெட்டியாக ஊற்றிய இருவருடைய தொட்டிகளில் மண்ணின் மேல் ஏடு படிந்து பூஞ்சையும் எறும்பும் வந்ததையும் மறைக்காமல் குறிப்பிடுகிறேன். வேப்பெண்ணெய்க் கரைசலில் காதி சோப்புக்குப் பதிலாகக் கற்றாழைச் சாறு கலந்து தெளித்தபோது இலையில் நன்றாகவே ஒட்டியது.

இதில் மாற்ற முடியாத விதி ஒன்று உண்டு. சோற்றை எடுத்தவுடன் பயன்படுத்த வேண்டும். நேரமாக ஆக நிறம் மாறி, புளித்து, நாற்றமெடுத்துவிடும். ஜூலை மாதக் கூட்டத்துக்குக் காலை ஆறு மணிக்கே பன்னிரண்டு மடல்களை அறுத்து, வடித்து, அரைத்து வாளியில் வைத்திருந்தேன். பதிவேட்டில் 54 பேர் உள்ள நம் குழுவிலிருந்து ஏழு மணிக்கு நால்வர் வந்தனர், பத்து மணிக்கு மேல் வந்த ஐவர், “ஏன் சார் இந்த வாடை?” என்று மூக்கைப் பிடித்துக்கொண்டனர். வாளியைக் கூடத்தின் வேப்பமரத்தடியில் கவிழ்த்தேன். அந்த மரத்துக்குக் கற்றாழை எந்தக் காலத்திலும் தேவைப்பட்டதில்லை.

ஆகஸ்டில் செம்பருத்தி, ரோஜா, காகிதப்பூ ஆகிய மூன்றிலும் குச்சிகளைச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைக் கற்றாழைச் சோற்றிலும் மறுபாதியை வெறும் தண்ணீரிலும் வைத்து ஊன்றினோம். நீர் ஊற்ற முறைப்பட்டியல் ஒட்டப்பட்டது. இரண்டாம் வாரத்தில் பொறுப்பேற்றவர்கள் திருமணம், காது குத்து, வெளியூர்ப் பயணம் என்று ஒருவர்பின் ஒருவராக விலகியதால், நான் காய்ச்சலில் கிடந்த நாட்களில் பெரும்பாலான குச்சிகள் கருகின. எஞ்சியவற்றைப் பிடுங்கிப் பார்த்ததில், கற்றாழையில் வைத்த செம்பருத்தி முன்னதாகவும் அடர்த்தியாகவும் வேர்விட்டிருந்தது. ரோஜாவில் வேறுபாடு தெரியவில்லை. காகிதப்பூ இரு பக்கமும் கைவிட்டது. பட்டியலில் இருந்தவர்கள் வந்திருந்தால் இதைவிடத் தெளிவான விடையை இன்று அவைமுன் வைத்திருக்க முடியும்.

உறுப்பினர் வீடுகளுக்குத் தலா இரண்டு கற்றாழைக் குட்டிகள் வழங்கப்பட்டன. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்த மழையில் கூடத்துச் செடிகளில் ஒரு பகுதி அழுகிப்போனது. அதற்கு யாரும் பொறுப்பில்லை. ஆனால் வீடுகளில் இருந்த குட்டிகளில் பாதிக்கு மேல் புயலுக்கு முன்பே, தினமும் தண்ணீர் ஊற்றப்பட்டே அழுகின. திருஷ்டிக்காக வாசலில் வேரோடு தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டாலும் மாதக்கணக்கில் பச்சையாக நிற்கும் செடி அது.

வரவு செலவைப் பொறுத்தவரை, சந்தாவும் விதை விற்பனையும் வரவு. மண், நிழல்வலை, அச்சு, தேநீர் முதலியன செலவு. கையிருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைந்துள்ளது. விவரங்கள் பொருளாளரின் ஏட்டில் உள்ளன. செயற்குழுவில் கேள்வி எழுந்த பழைய மிக்ஸியைப் பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டு மாதங்களும் அரைத்தது என் வீட்டு மிக்ஸியில். மறுநாள் தேங்காய்ச் சட்னி கசந்தது. அதன்பின் வீட்டில் அனுமதி இல்லை. வேறு எந்த உறுப்பினரும் தம் மிக்ஸியைத் தர முன்வராத நிலையில்தான் குழுவின் பெயரில் ஒன்று வாங்கப்பட்டது. இவ்வாண்டுச் சந்தாவை 31 பேர் செலுத்தியுள்ளனர். நிலுவை வைத்திருப்பவர்களில் சிலர் மிக்ஸி பற்றி முதலில் கேட்டவர்கள் என்பதால் பெயர்களைப் படிக்கவில்லை.

கூடத்தை வாடகையின்றித் தந்த குடியிருப்போர் நலச்சங்கத்துக்கும், தலைவருக்கும், பொருளாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்தவர்களுக்கும், ஜூலை மாதம் ஏழு மணிக்கே வந்த நால்வருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்க விரும்பினால், சாவிக்கொத்தையும் மிக்ஸியையும் ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். சென்ற ஆண்டும் இதையே சொன்னேன், யாரும் வரவில்லை. பின்சுவரில் தப்பிய கற்றாழைகள் மீண்டும் குட்டிகள் விட்டிருக்கின்றன. ஜூலை முதல் ஞாயிறன்று மடல்கள் காலை ஆறு மணிக்கு அறுக்கப்படும். ஏழரை மணிக்குப் பிறகு சாறு இருக்காது. குச்சிகளை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரலாம். அதே மேசையில் ரசீதுப் புத்தகமும் இருக்கும்.

இங்ஙனம்,
செயலாளர்