பல் தேய்க்கவும் மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் வந்த 'புத்திசாலி வீடு' கட்டுரையில், ஸ்மார்ட் டூத்பிரஷ் பற்றிய பத்தி இப்படி முடிகிறது: "பயன்படுத்தத் தெரியாத, புதுமைக்கு அஞ்சும் மூத்தவர்களே இவற்றைக் குறை சொல்கிறார்கள்." காலையில் படித்தேன். மாலை வரை மனம் ஆறவில்லை.

நான் 1954இல் பிறந்தவன். மின்சார டூத்பிரஷும் அதே ஆண்டில்தான் சுவிட்சர்லாந்தில் பிறந்தது. பிலிப்-கி வூக் என்பவர் உருவாக்கியது, பெயர் பிராக்ஸோடென்ட். சுவரில் செருகி வயரோடு வாயில் வைத்துக்கொள்ள வேண்டும். தாங்கள் அறியாததல்ல. ஆக, அதுவும் நானும் ஒரே வயது. சமவயதுக்காரனைப் பார்த்துப் பயப்பட எனக்கு என்ன வந்தது?

ஒன்றரை வருடமாக என் குளியலறையில் ஒரு ஸ்மார்ட் பிரஷ் இருக்கிறது. மகன் பரிசாகக் கொடுத்தது. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இங்கே மாடு அல்லவா தினமும் இரண்டு வேளை என் பல்லைப் பிடித்துப் பார்க்கிறது! பிரஷோடு ஒரு ஆப்பும் வந்தது. ('ஆப்' என்று சொல்ல வரும்போது கடைசியில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டினாலும் பொருள் ஒன்றும் கெடவில்லை.) பல் தேய்த்து முடித்ததும் நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். எனக்கு எழுபதைத் தாண்டுவதே பெரும்பாடு. என் மனைவிக்குத் தொண்ணூற்று நான்கு. அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் பல் விஷயத்தோடு நிற்பதில்லை, அதை விடுங்கள்.

என் மதிப்பெண் ஏன் ஏறவில்லை தெரியுமா? கீழ்வரிசையில் இடதுபக்கம் கடைவாய்ப் பல் இரண்டை எடுத்து ஒன்பது வருடம் ஆகிறது. அந்த இடத்தைத்தான் ஆப் தினமும் சிவப்பில் காட்டுகிறது. "இடது கீழ்ப்பகுதியில் கவனம் போதவில்லை" என்கிறது. இல்லாத பல்லை எப்படித் தேய்ப்பது? நிறுவனத்துக்கு எழுதினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி. ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி நிறுவிப் பாருங்கள்" என்று பதில் வந்தது. நிறுவினால் பல் முளைக்குமா என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். என்னுடைய பிரஷில் கேமரா எதுவும் கிடையாது. பிடி எந்தப் பக்கம் சாய்கிறது, திரும்புகிறது என்பதை ஒரு அசைவு உணரி கவனித்து, வாய்க்குள் இப்போது இந்த மூலையில்தான் இருக்கும் என்று ஊகம் செய்கிறது. அவ்வளவுதான். என் பேரன் ஒருநாள் அதைப் பல்லில் படாமல் முகத்துக்கு முன்னால் இரண்டு நிமிடம் ஆட்டினான். எண்பத்திரண்டு வாங்கினான். அப்புறம், முதல் நாள் இணைக்கும்போது அது என் இருப்பிடத்தை அறிய அனுமதி கேட்டது. ஆண்ட்ராய்ட் 12க்கு முந்தைய போன்களில் புளூடூத் கருவியைத் தேடவே அந்த அனுமதி வேண்டியிருந்தது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். சரி, ஆனால் அதை எங்கும் விளக்காமல், பல் தேய்க்கப் போனவனிடம் எங்கே இருக்கிறாய் என்று கேட்டால் சந்தேகம் வராதா?

பிரஷைக் குறை சொல்லவில்லை, ஐயா. அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். நான் பாத்திரம் துலக்குவது போல அழுத்தித் தேய்த்து ஈறு இறங்கியவன். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், முப்பது நொடிக்கு ஒருமுறை இடம் மாற்றச் சொல்லி லேசாக அதிரும், இரண்டு நிமிடத்தில் நிற்கும். இவை மூன்றும் அருமை. மூன்றும் போன் இல்லாமலே நடக்கின்றன. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், மூன்று மாதத்துக்கு மேல் மின்சார பிரஷ் பயன்படுத்தியவர்களுக்குப் பல்லில் படியும் படலம் சாதாரண பிரஷை விட 21 சதவீதமும், ஈறு அழற்சி 11 சதவீதமும் குறைந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்தப் பெருமை மோட்டாருக்கு உரியது. மதிப்பெண் போடும் ஆப்புக்கு அதில் பங்கில்லை. என் பல் மருத்துவரிடம் மூன்று மாத வரைபடத்தைப் பெருமையாக நீட்டினேன். "போனை ஓரமாக வைத்துவிட்டு வாயைத் திறங்கள்" என்றார்.

அஞ்சும் மூத்தவர்கள் என்றீர்களே. 2024 பிப்ரவரியில், தீய மென்பொருள் புகுந்த முப்பது லட்சம் ஸ்மார்ட் டூத்பிரஷ்கள் சேர்ந்து ஒரு சுவிஸ் நிறுவனத்தின் இணையதளத்தை முடக்கிவிட்டதாக உலகமெங்கும் ஒரு செய்தி ஓடியது. உங்கள் இதழும் பெரிய படத்தோடு போட்டது. சில நாட்களிலேயே, அந்தத் தகவலுக்கு மூலமாகச் சொல்லப்பட்ட பாதுகாப்பு நிறுவனம், அது ஒரு கற்பனை உதாரணம்தான் என்று அறிவித்தது. இந்த பிரஷ்களில் பொதுவாக இருப்பது புளூடூத். அது பக்கத்தில் இருக்கும் போனோடு பேசுமே தவிர, தானாக இணையத்துக்குப் போகாது. இதைச் சொல்லி அன்றே ஒரு கடிதம் எழுதினேன். பிரசுரமாகவில்லை, திருத்தமும் வரவில்லை. பிரஷைக் கண்டு பயந்தது நானா, நீங்களா?

இதற்கு முன் என்னிடம் ஆப் இல்லாத மின்சார பிரஷ் ஒன்று இருந்தது. மூன்றாம் வருடம் பேட்டரி செத்தது. மோட்டார் நன்றாக இருந்தும், பிடியை மூடி ஒட்டியிருந்ததால் தூக்கிப்போட வேண்டியதாயிற்று. கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரியிலிருந்து விதி கொண்டுவருகிறது. அதிலும் தண்ணீரில் கழுவிப் பயன்படுத்தும் கருவிகளுக்கு விலக்கு வைத்திருக்கிறார்கள், தொழில் தெரிந்தவர் கழற்ற முடிந்தால் போதுமாம். சட்டமே வாயருகே வந்ததும் வழுக்கிவிட்டது.

உங்கள் கட்டுரையோடு வந்த ஒப்பீட்டுக் கட்டத்தில் நிறம், எடை, எத்தனை வகை அதிர்வு எல்லாம் இருந்தன. அடுத்த முறை இரண்டு வரி மட்டும் சேருங்கள்: ஆப் இல்லாமல் வேலை செய்யுமா, பேட்டரி மாற்ற முடியுமா. அந்தக் கட்டத்தின் எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்
(பெயர் வெளியிட வேண்டாம். மகன் இந்த இதழைப் படிப்பான்.)