கறிவேப்பிலைக்கு வேலி வேண்டாம்

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்புள்ள வசந்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடியும் மாடி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்தபோது மகிழ்ச்சியாக இருந்தது. உங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடியில் தோட்டம் போடலாம் என்று சங்கக் கூட்டத்தில் பேச்சு எழுந்ததாகவும், வீட்டுக்கு நான்கு பை என்று பிரித்துக் கொடுப்பதா, எல்லாருக்கும் பொதுவாக ஒரே தோட்டம் வைப்பதா என்பதில் இரண்டு கட்சியாகிவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய். இங்கே எங்கள் புளோக்கின் கீழுள்ள பொதுத் தோட்டத்தில் பல ஆண்டுகளாக மண் அளைகிறவள் என்பதால் என் எண்ணத்தைக் கேட்டிருக்கிறாய். பொதுவாகவே வையுங்கள் என்பேன்.

இங்கு பெரும்பாலோர் வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் குடியிருப்பவர்கள் என்பது உனக்குத் தெரியும். ஒரே இனத்தவர் ஓரிடத்தில் குவிந்துவிடாதபடி, 1989 முதல் ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் சட்டத்தால் அடுத்தடுத்த கதவில் குடிவைக்க முடியுமே தவிர, பேச வைக்க முடியாது. மின்தூக்கியில் பார்த்துப் புன்னகைத்துவிட்டு, அவரவர் மாடி வந்ததும் இறங்கிப் போகிற உறவோடு ஆயுளையே கழித்துவிடலாம். 2005-இல் தேசியப் பூங்காக் கழகம் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற திட்டத்தைத் தொடங்கி, குடியிருப்புகளிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பொதுத் தோட்டம் போட ஊக்கம் கொடுத்தது; இன்று தீவு முழுவதும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் இருக்கின்றன. நகரை அழகுபடுத்துவது 1967 முதலே அரசு எடுத்துச் செய்துவரும் வேலை. அதற்கு நம் கை தேவைப்படவில்லை. இந்தத் திட்டத்தில்தான் மண்ணைக் குடியிருப்பவர்களிடமே விட்டார்கள்.

எங்கள் தோட்டம் பெரியதல்ல. கறிவேப்பிலை, முருங்கை, பாண்டான், எலுமிச்சைப் புல், லக்சா இலை, சங்குப்பூ, கற்பூரவள்ளி, ஓரமாகக் கொஞ்சம் கத்தரியும் வெண்டையும் உண்டு. நான் இருமலுக்குக் கஷாயம் வைக்கப் பறிக்கிற கற்பூரவள்ளியை, எட்டாம் மாடிச் சீனப் பாட்டியும் இருமலுக்குத்தான் பறிக்கிறார். சங்குப்பூவை நாம் சாமிக்குச் சாத்துவோம். மலாய்க்கார அக்கா அதைக் கசக்கிச் சாறெடுத்துப் பலகாரத்துக்கு நீலம் ஏற்றுகிறார். கறிவேப்பிலை நம்முடைய தனிச்சொத்து என்று நினைத்திருந்தேன். உப்பு முட்டை நண்டுக்கும் தானிய இறாலுக்கும் அதை வெண்ணெயில் பொரித்துப் போடுகிறார்கள் என்று, கை நிறையப் பறித்துக்கொண்டிருந்த சீனர் ஒருவர்தான் எனக்குச் சொன்னார்.

பொதுச் செடி ஏன் வேலை செய்கிறது என்று கேட்டால், அது ஒரு வீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகக் கொடுக்கிறது, ஒரு வீட்டால் முடிவதைவிட அதிகமாகக் கேட்கவும் செய்கிறது. வளர்ந்த கறிவேப்பிலை மரத்தின் இலையை எந்தக் குடும்பமும் தனியாகத் தின்று தீர்க்க முடியாது. வேரிலிருந்து கிளம்பும் பக்கக் கன்றுகளை யாரிடமாவது கொடுத்தே ஆக வேண்டும். அதே நேரத்தில், நாம் ஊருக்குப் போனால் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டும். கொடுப்பதற்கும் கேட்பதற்கும் காரணம் கிடைத்துவிட்டால், கூச்சமுள்ளவர்களும் பேசிவிடுகிறார்கள். ஹார்ட்பார்க் போன்ற பூங்காக்களில் இரண்டரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலமுள்ள பாத்திகளைத் தனித்தனி ஆட்களுக்குக் குத்தகைக்கு விடுகிறார்கள். அங்கும் நல்ல மனிதர்கள் வருகிறார்கள், நல்ல காயும் விளைகிறது. ஆனால் என் பாத்தி, உன் பாத்தி என்றான பிறகு ஒருவர் பாத்தி வாடுவது அடுத்தவரின் கவலையாக இருப்பதில்லை. உங்கள் ‘நான்கு பை’ கட்சிக்கு இதைச் சொல்.

சண்டை வராதா என்றால், வரும், வரட்டும். எங்களுக்குள் பெரிய வழக்கு புழுவைப் பற்றியது. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சி கறிவேப்பிலைக் கொழுந்தில் முட்டையிடும். பொரிந்து வரும் புழு முதலில் பறவை எச்சம்போல இருக்கும். பிறகு இலை நிறத்துக்குப் பச்சையாகி, தொட்டால் தலையிலிருந்து ஆரஞ்சு நிறக் கொம்பை நீட்டி நாற்றம் விடும். நசுக்க வேண்டும் என்று பெரியவர்களும், கூடாது என்று பிள்ளைகளும் தோட்டத்திலேயே வாதாடினார்கள். கடைசியில் ஓரத்துக் குட்டிச் செடி ஒன்றைப் புழுக்களுக்கென்று விட்டு, மற்ற செடிகளில் காண்பதையெல்லாம் எடுத்து அதில் விடுவது என்று முடிவாயிற்று. அந்தச் செடி பெரும்பாலும் மொட்டையாகத்தான் நிற்கிறது. ஆனால் ஒருவரையொருவர் பெயர் சொல்லிக் கூப்பிடத் தொடங்கியது இந்த வழக்குக்குப் பிறகுதான்.

திருட்டைப் பற்றி உங்கள் செயலாளர் கவலைப்படுவார். இங்கும் அந்தக் கவலையில் பல தோட்டங்களைச் சுற்றி வேலி போட்டு, பூட்டுப் போட்டு, சாவியை இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அந்த இடங்கள் பார்க்கச் சீராகவே இருக்கும். அக்கம்பக்கத்தாருக்கோ அது யாரோ சிலருடைய தோட்டம். என்னைக் கேட்டால், கேட்காமல் பறிக்கப்படும் கத்தரிக்காயை நட்டக் கணக்கில் எழுதிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதே மேல்.

யார் பறிக்கலாம் என்பதில் இன்னொரு சங்கடமும் உண்டு. எங்கள் தோட்டத்துக்கு அன்றாடம் இறங்கி வருகிறவர்களில் இந்தோனேசியாவிலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வந்து வீடுகளில் வேலை செய்யும் பெண்கள் கணிசம். முதியவர்களைச் சக்கர நாற்காலியில் கூட்டி வருகிறவர்கள், தண்ணீர் ஊற்றுகிறவர்கள், களை எடுக்கிறவர்கள் எல்லாம் அவர்கள்தான். ஆனால் குழுப் படத்தில் அவர்கள் நிற்பதில்லை. உங்கள் அடுக்ககத்திலும் காவலாளியும் வீட்டு வேலைக்கு வரும் பெண்களும்தான் பைகளுக்குத் தண்ணீர் ஊற்றப் போகிறார்கள் என்று எனக்கு இப்போதே தெரிகிறது. அவர்களும் தங்கள் வீட்டுக்குப் பறித்துக்கொண்டு போகலாம் என்பதை முதல் கூட்டத்திலேயே வெளிப்படையாகத் தீர்மானமாக எழுதி வை. இதற்கு முணுமுணுப்பு எழும், விட்டுக்கொடுக்காதே.

மற்றவை சில்லறை விஷயங்கள். மாடித் தளத்தில் நீர்க்கசிவு இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கிற மாடித்தோட்டத் தொகுப்பில் உள்ள தென்னை நார்க்கழிவு மண்ணைவிடப் பாரம் குறைவு. கறிவேப்பிலைக்கு மட்டும் பெரிய பீப்பாய் வாங்கி, மாடிக்குக் கொண்டுபோகாமல் கீழே நுழைவாயிலருகே எல்லாரும் கடந்துபோகும் இடத்தில் வையுங்கள். மாடி ஏறாதவர்களும் அப்போதுதான் பங்காளிகள் ஆவார்கள். தொட்டிகளுக்கு அடியில் தட்டு வைக்கவே வேண்டாம். அதில் தேங்கும் கொஞ்சம் தண்ணீரே டெங்கிக் கொசுவுக்குப் போதும். இங்கே வீட்டுக்குள் வந்து தட்டைத் தூக்கிப் பார்த்து அபராதம் போடுவார்கள். முதல் வருடம் தக்காளி, காலிஃபிளவர் என்று ஆசைப்படாமல் புதினா, பிரண்டை, தூதுவளை, கற்பூரவள்ளி என்று ஒடித்துக் கொடுக்கக் கொடுக்க வளர்கிறவற்றையே வையுங்கள்.

அடுத்த கூட்டம் எப்போது, செயலாளர் என்ன சொன்னார் என்று எழுது. வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
கமலா